வாசல் தாண்டாதவளின் காய்ச்சல்

திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஜெஸ்ஸி எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு வாய்க்கொழுப்பு, இரண்டும் வழக்கம்போல இருக்கின்றன. உன் சுகத்துக்கு எழுது. இந்தக் காலத்தில் என்னை உட்கார வைத்துக் கடிதம் எழுத வைக்கிற ஒரே ஆள் நீதான். போன் கிடையாது, வருடத்துக்கு ஒரு தடவைதான் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உன் முகம். எழுதுவதையும் மதர் வாசித்த பிறகுதான் உன்னிடம் கொடுப்பார். ஆகவே மதருக்கும் என் வணக்கம்.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. சுகாதாரத் துறைக்காக வரைபடம் செய்து கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனம். மலேரியாவை நாடு முழுக்க ஒழித்துவிடப் போகிறோம் என்கிறார்கள். ஒழிந்த ஊர்களில் அது மறுபடி எங்கே தலைகாட்டும் என்று முன்கூட்டியே நிறம் தீட்டி வைக்க வேண்டும். மலேரியாக் கொசு வளர இடம் இருக்க வேண்டும், நோயோடு ஆள் வந்து சேர வேண்டும். இரண்டும் இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கும், தொட்டிகளைக் காலி செய்வார்கள், மருந்து கொடுப்பார்கள். பச்சை விழுந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன வாரம் கொடைரோட்டுப் பக்கம் போனேன். உன் மடத்துச் சுவரை ஒட்டி ஒரு நூல் மில் இருக்கிறதே, அதன் தொழிலாளர் விடுதிக்கு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஷிப்டுக்குப் போக ஒருவர் எழுந்ததும் அதே பாயில் இன்னொருவர் படுக்கிறார். பாய் காய்வதே இல்லை. கக்கூஸ் தண்ணீர் வாசல்வரை வந்து நிற்கிறது, செங்கல் போட்டுத் தாண்டுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே தட்டு கழுவுகிறார்கள். கூட வந்த மானேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தார். அவர் மில், அவர் விடுதி, அவருக்கே நாறுகிறது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் அந்த வாடை போகவில்லை. அப்பா மீன் குழம்பு வைத்திருந்தார், என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

உன்னை அப்பா இப்போது ‘சிஸ்டர்’ என்றுதான் சொல்கிறார், ‘அவங்க’ என்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

உன் தங்கை
ஜெஸ்ஸி

----

மடம்
15 செப்டம்பர் 2024

பிரியமுள்ள ஜெஸ்ஸிக்கு, இறைவனின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும்.

நான் நலம். அப்பாவின் முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவி விடு. உன் வாய்க்கு மருந்து என்னிடம் இல்லை.

உன் கடிதத்தை மதர் வாசித்துவிட்டு, கக்கூஸ் விஷயம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மீதியையும் வாசித்தார். அடுத்த தடவை கொஞ்சம் மெதுவாக எழுது.

அந்த மில் முதலாளி எங்களுக்கு உபகாரி. கோயில் கூரை அவர் போட்டுக் கொடுத்ததுதான். கிறிஸ்மஸுக்கு அரிசி அனுப்புவார். அவரைப் பற்றி நான் குறை எழுதுவது முறையல்ல. ஆனால் சாயங்காலம் நான் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாட்டு கேட்கும். மொழி புரியாது. இருந்தாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். போன மாதம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு குரல் இந்த மாதம் இல்லை.

மழை ஆரம்பித்ததிலிருந்து தோட்டத்தில் கொசு அதிகம். என் கைகள் முழுக்கத் தடிப்பு. சின்ன சிஸ்டர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள்.

உனக்காகவும் அப்பாவுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிற
அல்போன்சா

----

திண்டுக்கல்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நீ சுகம் என்று எழுதியதைப் படித்து அப்பாவுக்கு நிம்மதி. அவருக்கு வேப்பெண்ணெய் வாடை ஆகாதாம், தைலம் போதும் என்கிறார். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோற்றைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. மதர் மன்னிக்க வேண்டும், மெதுவாக எழுத என்னால் முடியவில்லை.

அந்தப் பாட்டுக்காரர் எங்கே போனார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

விடுதி மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினேன். மூடி கிடையாது. உள்ளே ஒரு புறா செத்து மிதந்தது. இறகெல்லாம் கழன்று, கறி வெளுத்து, தொட்டால் பிரிந்து வந்துவிடும்போல. ஓரமெல்லாம் கொசுப்புழு. மலேரியாக் கொசுவின் புழு தண்ணீர்ப் பரப்போடு படுத்தமாதிரி கிடக்கும், தலைகீழாகத் தொங்காது. எல்லாம் படுத்துக் கிடந்தன. அந்தத் தண்ணீரைத்தான் கீழே குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். கம்பி ஏணியிலேயே நான் வாந்தி எடுத்தேன்.

கீழே வந்து மானேஜரிடம் இங்கே யாருக்கும் காய்ச்சல் வருவதில்லையா என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: “காச்சல்னு படுத்தாம்னா அன்னிக்கே டிக்கெட் எடுத்து ரயில் ஏத்தி விட்ருவோம் மேடம். நம்ம மில்லுல ஒரு கேஸ் கெடையாது, பாத்துக்கங்க.”

இதுதான் இவர்கள் நோயை ஒழிக்கும் முறை. குளிரில் நடுங்குகிறவனைப் பொதுப்பெட்டியில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். அவன் ஊர் போய்ச் சேர்ந்து அங்கே ரத்தம் எடுத்தால் அந்த ஊர் வரைபடத்தில் புள்ளி விழும். நம் பக்கம் துடைத்து வைத்ததுபோல இருக்கும்.

எங்கள் தலைமை அதிகாரி ஈஸ்வர் சாரிடம் போய்ச் சொன்னேன். ஒட்டன்சத்திரத்துக்காரர், கோபமே வராது, அதுதான் இன்னும் எரிச்சல். “ஏனுங்க ஜெஸ்ஸி, ரத்தத்துல இருக்குதுன்னு ரிப்போர்ட் வந்தாத்தானுங்களே நாம புள்ளி வைக்க முடியும்? புறாவுக்கெல்லாம் புள்ளி வைக்க முடியுங்களா?” என்று சிரித்தார். நூல் வாங்கப்போகும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த மில்லைப் பார்வையிட வருகிறதாம், இப்போது சிவப்பு விழக்கூடாதாம். மில் இருக்கிற இடம் பச்சையாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போகாதே. கைக்கு எண்ணெய் தடவிக்கொள்.

ஜெஸ்ஸி

----

மடம்
11 நவம்பர் 2024

பிரியமுள்ள ஜெஸ்ஸிக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் ஆசீர். நான் நலமாகவே இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. 

எழுத அதிகமில்லை. போன வாரம் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சமையல்கட்டிலிருந்து எனக்கு விடுதலை. அந்த நாட்களில் நான் சாப்பாட்டு மேசைக்கும் வருவதில்லை. நேற்று ஞாயிறு பூசையில் பாட்டுக்கும் போகவில்லை. இடையில் வரும் நாட்களில் பழையபடி எல்லா வேலையும் செய்கிறேன், தோட்டத்துக்கும் போகிறேன். மதர் தன் கம்பளியை எனக்குக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் ஆண்டவருக்கும் எனக்கும் உள்ளது, நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

திருவருகைக்காலம் வருகிறது. உனக்குத் தெரியும், கிறிஸ்மஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் இல்லை, வருவதும் இல்லை, போவதும் இல்லை.

அல்போன்சா

----

திண்டுக்கல்
24 நவம்பர் 2024

அக்கா,

அப்பா சுகம், நான் சுகம். இது கிறிஸ்மஸுக்கு முன் உன் கைக்கு வருமோ வராதோ, எழுதிவிடுகிறேன்.

திங்கள், புதன், வெள்ளி ஒருசந்தி உபவாசம் இருக்கிறாயாக்கும். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பெரிய வெள்ளிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மயங்கி விழுந்து, சாமியார் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார். இந்த ஒறுத்தலைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை, குமட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மனுஷர்கள் சோறு இல்லாமல் கிடக்கிறார்கள், இந்தப் பக்கம் நீ சோற்றைத் தள்ளி வைக்கிறாய்.

நேற்று ஜங்ஷனில் ஒருவரைப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்கக் கிடந்தார். கழுத்தில் அந்த மில்லின் அடையாள அட்டை தொங்கியது. அழைத்துக்கொண்டு போகலாம் என்று குனிவதற்குள் ரயில் வந்துவிட்டது. மில் ஆள் ஒருவன் அவரைத் தூக்கி ஏற்றிவிட்டு, கையைக் குழாயில் கழுவிக்கொண்டான்.

அக்கா, கோபத்தில் இதையும் எழுதிவிடுகிறேன். அம்மா செத்த அன்றைக்கு நீ வரவில்லை. முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பெட்டியை மூடாமல் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மடத்து வாசல் அப்பேர்ப்பட்ட வாசல். திண்டுக்கல் பூட்டு, மதர் இடுப்பில் சாவி. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அன்றைய பிணவாடைதான் வருகிறது.

ஜெஸ்ஸி

----

மடம்
28 டிசம்பர் 2024

பிரியமுள்ள ஜெஸ்ஸி,

பிறந்த பாலனின் அருள் உனக்கும் அப்பாவுக்கும். நான் சுகமாகிவிட்டேன்.

மில்லிலிருந்து கேக் வந்தது. சின்ன சிஸ்டர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். என் அங்கி கொஞ்சம் தளர்ந்துவிட்டது, பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

அல்போன்சா

----

திண்டுக்கல்
9 மார்ச் 2025

மடத்துத் தலைவி மதர் அவர்களுக்கு,

சிஸ்டர் அல்போன்சாவின் தங்கை ஜெஸ்ஸி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மடத்துச் சகோதரிகளும் நலமாக இருக்க வேண்டும்.

தவக்காலத்தில் கடிதம் கொடுக்கக்கூடாது என்பது தெரியும். அதனால்தான் அக்காவுக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். எப்படியும் முதலில் வாசிப்பது நீங்கள்தானே.

இன்று காலைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தில், தவக்காலமானாலும் ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது, அது ஆண்டவர் உயிர்த்த நாள் என்றார். வீட்டுக்கு ஓடி வந்து அக்காவின் நவம்பர் கடிதத்தை எடுத்தேன். திங்கள், புதன், வெள்ளி, பிறகு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கன்னியர் ஒறுத்தல் செய்வார்கள்? ஒருநாள் விட்டு ஒருநாள், கம்பளி. கிறிஸ்தவப் பெண்ணாகப் பிறந்ததால் அதை ஒருசந்தி என்று வாசித்து அக்காவைத் திட்டினேன். வேறு யாராவது வாசித்திருந்தால் அது முறைக்காய்ச்சல் என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். மலேரியா அப்படித்தான் வரும். இதையே வேலையாகச் செய்கிற எனக்குத் தெரியவில்லை. என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மதர், அது போய்விட்டதுபோலத் தெரியும், ஆனால் ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி எழும். அக்காவுக்கு இப்போது மறுபடி குளிர் இருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேப் டெக்னீஷியன் அஜீஸுன்னிசா என் தோழி. நாளை காலை மடத்துக்கு வருகிறாள். கதவைத் திறக்க வேண்டியதில்லை. கிராதி வழியாக ஒரு விரலை நீட்டச் சொன்னால் போதும்.

ஜெஸ்ஸி

----

திண்டுக்கல்
20 மார்ச் 2025

அக்கா,

நீ மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? காய்ச்சல் நின்றுவிட்டது என்று விடாதே, பதினான்கு நாளும் சாப்பிட வேண்டும். அஜீஸுன்னிசா வந்து சொன்னாள்: “ஜெஸ்ஸி, ஒங்க அக்கா கை கம்பிக்குள்ள வரும்போது குச்சியா இருக்குடி. குத்துனா சிரிக்கிறாங்க, கூடவே நடுங்குறாங்க.” அப்பாவிடம் சொன்னேன். ராத்திரி கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

உன் ரத்தத்தில் மலேரியா உறுதி. ரிப்போர்ட் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. இனி கேள், எதனால் எனக்குத் துப்பித் துப்பி வாய் வறண்டு போயிருக்கிறது என்று.

ஒவ்வொரு நோயாளிக்கும் நோய் வந்த வழியை நாங்கள் எழுத வேண்டும். வெளியூரில் கடிபட்டு வந்தவர் என்றால் அது ஒரு தனிக் கேஸ், ஊர் பச்சையாகவே இருக்கும். உள்ளூரிலேயே கடிபட்டவர் என்றால் நோய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம், ஊர் சிவப்பு. ஈஸ்வர் சார் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். “கன்னியாஸ்திரீங்க சேவைக்குன்னு நாலு ஊரு போறவங்கதானுங்களே. ஒடிசாவுல மிஷன் வேலை பாத்துட்டு வந்தாங்கன்னு போட்டுடலாமுங்க. உங்க அக்காதான, ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க” என்றார். நீ இருப்பது வெளியே போகாத மடம் என்றேன். அதையெல்லாம் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தத் தொட்டித் தண்ணீரில் போட்ட டீ மாதிரி இருந்தது.

மில் முதலாளி மதரைப் பார்க்க வருகிறாராம். கூரையைப் பற்றிப் பேசுவார், அரிசியைப் பற்றிப் பேசுவார். நீ உண்மையை எழுதிக் கொடுத்தால் அந்த விடுதியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ரத்தம் பார்ப்பார்கள், யாரையும் ரயிலில் திணிக்க முடியாது. எழுதாவிட்டால் பச்சை. ஏப்ரல் கடைசியில் வரைபடம் சுகாதாரத் துறைக்குப் போய்விடும்.

ஜெஸ்ஸி

----

திண்டுக்கல்
6 ஏப்ரல் 2025

அக்கா,

அப்பா சுகம். நீ சுகமா? பதில் இல்லை. தவக்காலம் என்று தெரியும், ஆனாலும் தினமும் தபால்காரர் பொம்மையனைத் தெருமுனைவரை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாய். மதர் சும்மா இரு என்றால் நீ சும்மா இருப்பாய் என்பதுதான் என் பயம். உபகாரி வருத்தப்படக்கூடாது, மடம் தெருவுக்கு வரக்கூடாது, எல்லாம் எனக்கும் புரியும். அப்படியே செய்வதானால் செய். ஆனால் அந்தக் கூரையின் கீழே எனக்காக ஜெபம் பண்ணாதே. எனக்கு அந்த ஜெபம் வேண்டாம்.

ஜெஸ்ஸி

----

மடம்
21 ஏப்ரல் 2025

பிரியமுள்ள ஜெஸ்ஸிக்கு, உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உனக்கும் அப்பாவுக்கும் உண்டாகட்டும்.

மருந்து முழுவதும் சாப்பிட்டுவிட்டேன். காய்ச்சல் இல்லை. நேற்று உயிர்ப்புப் பாட்டுக்கு நின்றே பாடினேன். நவம்பரில் உன்னிடம் காய்ச்சல் என்று எழுதாதது என் பிடிவாதம். எழுதினால் நீ சண்டைக்கு வருவாய், மில்லோடு மடத்துக்கு மனக்கசப்பு வரும் என்று நினைத்தேன். நான் பொறுத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் நான் பொறுத்துக்கொண்டதைக் கொசு கடித்து எடுத்துப் போயிருக்கிறது. என் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் சின்ன சிஸ்டருக்குப் பத்தொன்பது வயது. குருத்து ஞாயிறு அன்று அவளுக்கும் குளிர் வந்தது. அவள் நடுங்கும்போது நான்தான் மேலே படுத்து அமுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் என் பொறுமை எனக்கே அசிங்கமாகப்பட்டது.

புனித வாரத்தில் முதலாளி வந்தார். பார்வையாளர் அறையில் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எழுதிக்கொண்டு வந்த ஒரு தாளை உள்ளே நீட்டினார். நான் ஒடிசாவில் ஒரு வருடம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியதாக அதில் இருந்தது. மதர் அதை வாங்கி என்னிடம் தந்தார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. தாளில் அத்தர் வாடை. எனக்கு உன் புறா ஞாபகம் வந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன், பெரிய வெள்ளி அன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்து இல்லாமல்.

நீ அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அம்மா அடக்கத்தன்று காலை, மதர் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “போறதுன்னா போயிட்டு வா, புள்ள. நான் பாக்கல” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டார். அந்தச் சாவிக்கு முன்னால் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை, நானே எடுக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆகவே எழுதுகிறேன். இதை எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடு. அல்போன்சா என்கிற நான், 2015-ஆம் வருடம் இந்த மடத்துக்குள் வந்தேன். அதன் பிறகு ஒரு தடவைகூட வாசல் தாண்டியதில்லை. எனக்கு வந்த காய்ச்சல் இந்தச் சுவருக்குள் வந்தது. அம்மாவுக்காகத் தாண்டாத வாசலை அந்தத் தொட்டிக்காகத் தாண்டினேன் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்.

உன் அக்கா
அல்போன்சா

வழக்கம்போல இதை நான் வாசித்தேன். எந்த வரியையும் அடிக்கவில்லை. இவள் உள்ளே வந்த நாள்முதல் வாசல் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள் மேசைமேல் வைத்தேன். திரும்பி வந்தபோது வைத்த இடத்திலேயே இருந்தது. குளிர் கண்ட சின்ன சிஸ்டருக்கும் ரத்தம் எடுக்க அந்த லேப் பெண்ணை வரச் சொல். இந்தத் தடவை கதவைத் திறக்கிறேன்.

மதர்